தங்க வட்டம் போட்ட தச்சன்

சிரம்பான்
4 பிப்ரவரி 1951

அன்புள்ள விக்டோரியா அக்காவுக்கு,

எட்மண்ட் எழுதுவது. லில்லியும் பிள்ளைகளும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கொஞ்ச காலமாகக் கடிதம் போட முடியவில்லை. ஆபீசில் வேலை அப்படி. துப்பாக்கியோடு காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு, அந்தக் காட்டு ஆட்களுக்குப் பயந்து துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டுகிறார்கள். அவர்கள் விட்டுப்போகும் கட்டில், பியானோ, பீங்கான் எல்லாம் எங்கள் ஏலக் கம்பெனிக்குத்தான் வந்து சேர்கின்றன. கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன் தலைமைக் கிராணி ஆனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகூட எனக்குச் சொந்தமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தோட்டத்துத் துரை சுடப்பட்ட பிறகு ஊருக்குப் போய்விட்ட அமெரிக்கத் துரைசானியின் சாமான்கள் வந்து இறங்கியிருக்கின்றன. நீங்கள் அந்த பங்களாவில் ஆயாவாக இருந்தபோது தூசி தட்டிய படங்களும் அதில் உண்டு. மலைகளுக்கு நடுவே அகலமான ஆறு, கரையில் மாடுகள். பெரிய அருவி, அடியில் நகத்தளவு ஒரு மனிதன். பனியில் குதிரை இழுக்கும் சக்கரமில்லாத வண்டி. களஞ்சியத்தில் சோளம் உரிக்கும் கூட்டம், மூலையில் பிடில்காரன். வேலியோரம் குதிரைப் பேரம் பேசும் இருவர். எல்லாம் போன நூற்றாண்டில் அவர்கள் நாட்டில் வரைந்தவை, துரைசானியின் பாட்டனார் வாங்கிச் சேர்த்தவை.

சிங்கப்பூரில் ஓர் அமெரிக்க வியாபாரி மொத்தமாகக் கேட்கிறார். ஆனால் படங்கள் ஆறு என்று துரைசானியின் வக்கீல் சொல்கிறார். ஆறாவது எங்கே என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தச்சுப்பட்டறைப் படம் உங்கள் தோட்டத்துக் கோவில் சுவரில் தொங்குகிறது. காட்டு ஆட்களுக்குச் சோறு போகாமல் தடுக்கக் கூலி லயங்களை முள்கம்பிக்குள் மாற்றும்போது கோவில் வெளியே நின்றுவிடும், இடித்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆகவே படத்தை இறக்கி, துணியில் சுற்றி வைக்கவும். நான் ஆள் அனுப்புகிறேன்.

தங்கள் தம்பி,
எட்மண்ட்

சேசு மரி சூசை துணை

புக்கிட் செராய் தோட்டம், பகாவ்
11 பிப்ரவரி 1951

எட்மண்டுக்கு,

"கொஞ்ச காலமாகக் கடிதம் போட முடியவில்லை" என்று எழுத உனக்கு எப்படியடா கை வந்தது? அக்டோபரில் போலீஸ்காரர்கள் என் மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். உன் கடிதத்தில் மைக்கல்ராஜ் என்ற பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாட்டுக்கு இடம் இருக்கிறது, பிடில்காரனுக்கு இடம் இருக்கிறது, அக்காள் மகனுக்கு இடம் இல்லை.

நடந்தது உனக்குத் தெரியாதது போல இருந்தால் இன்னொரு தரம் சொல்கிறேன், கேட்டுக்கொள். திடலில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். வண்டிக்குள் ஆள் காட்டிக்கொடுக்கிறவன் ஒருத்தன். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஆட்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் போனார்கள். என் பிள்ளை போனபோது சாக்கு அசைந்தது. அவ்வளவுதான். விடிந்தால் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிறவன், அந்தி சாய்ந்தால் கோவில் மணி அடிக்கிறவன், காட்டு ஆட்களுக்குச் சோறு கொடுத்தானாம்.

நான் பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்தேன். நீ இங்கிலீஷ் பேசுகிறவன், அதிகாரிகள் உன்னை உட்காரச் சொல்வார்கள். "இவன் என் அக்காள் மகன், இவனை எனக்குத் தெரியும்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதற்காகத்தான் வந்தேன். லில்லி கதவைப் பாதி திறந்து, "அவரு வீட்ல இல்ல அண்ணி" என்றாள். நீ காலில் மாட்டிப் போகும் சப்பாத்து வாசலில் கிடந்தது.

இப்போது படம் கேட்கிறாய். ஜப்பான்காரன் காலத்தில் துரையும் துரைசானியும் ஓடியபோது அந்தப் படங்களைத் தார்ப்பாயில் சுற்றிப் ரப்பர் காயவைக்கும் புகைக்கூண்டின் பரணில் ஒளித்தவள் நான். அந்த நாளில்தான் நம் கோவிலில் இருந்த சூசையப்பர் சுரூபத்தை ஜப்பான் சிப்பாய்கள் உடைத்துப் போட்டார்கள். பரணில் பார்த்தால், துரையின் அறையில் இருந்ததால் நான் அதுவரை தூசி தட்டாத ஒரு படத்தில் கிழவர் பலகை இழைக்கிறார், வாசலில் பெண், காலடியில் சுருள் பொறுக்கும் பிள்ளை. தச்சர் சூசையப்பர், மாதா, சேசு பாலன், திருக்குடும்பம் இதைவிட வேறு எப்படி இருக்கும்? கொண்டுபோய் மாட்டினோம். பகாவில் கடைகளுக்குப் போர்டு எழுதும் ராமகிருஷ்ணனை அழைத்து, தலையைச் சுற்றித் தங்கப் பெயிண்டில் ஒளிவட்டமும் போட்டோம்.

சண்டை முடிந்து துரைசானி திரும்பி வந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு, "விக்டோரியா, அவர் இங்கேயே இருக்கட்டும்" என்றாள். என் காதால் கேட்டேன்.

மற்ற ஐந்தையும் விற்றுக்கொள். அந்த ஆற்றுப் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும், இவ்வளவு பெரிய நிலத்தில் ஒரு லயம்கூட இல்லையே என்று. ஒருநாள் துரைசானியிடமே கேட்டேன். "முன்னொரு காலத்தில் ஆட்கள் இருந்தார்கள்" என்றாள். இப்போது எங்கள் லயத்து ஆட்களை லோரியில் ஏற்றும்போது, அந்த ஆட்களை எப்படி அகற்றியிருப்பார்கள் என்று எனக்குப் புரிகிறது.

சூசையப்பரைத் தர மாட்டேன். மைக்கல்ராஜ் வெளியே வந்ததும் தன் கையாலேயே அவர் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவான் என்று நேர்ந்திருக்கிறேன். அதுவரை புதன்கிழமை தவறாமல் நான் ஏற்றுகிறேன். அந்தச் சுவரில் கை வைத்தால் தம்பி என்று பார்க்க மாட்டேன்.

விக்டோரியா

சிரம்பான்
18 பிப்ரவரி 1951

அக்காவுக்கு,

தங்கள் கடிதத்தை லில்லி படித்துவிட்டு அழுதாள். அவள் பொய் சொல்லவில்லை, நான்தான் சொல்லச் சொன்னேன். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். தடுப்பு முகாமில் இருக்கிறவனுக்காக வாய் திறந்தவன் பெயரையும் எழுதிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் என்னை வாசலில் சேர்க்காது. ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய் நாலு பேர் தெருவில் நிற்க வேண்டுமா? கோபப்படுவது சுலபம் அக்கா. இங்கே என் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்.

படத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், மனம் வருத்தப்படக் கூடாது. அது சூசையப்பர் இல்லை. அமெரிக்காவில் ஏதோ ஒரு கிராமத்துத் தச்சன். வாசலில் நிற்பவள் மாதாவும் இல்லை, பட்டறைக்குப் பால் கொண்டுவந்தவளாக இருக்கும். அந்தக் கிழவனின் மேலங்கிப் பையை என்றைக்காவது பார்த்தீர்களா? சுங்கான் நீட்டிக்கொண்டு இருக்கிறது. நாசரேத்தூரில் சூசையப்பர் புகையிலை பிடித்தாரா? நீங்கள் புதன்கிழமை தவறாமல் கும்பிடுவது யாரோ ஒரு வெள்ளைக்காரக் கூலியை.

துரைசானி "இருக்கட்டும்" என்று சொன்னதற்குச் சாட்சி யார்? வக்கீல் ஆறு என்கிறார், அதுதான் செல்லும். ஒளிவட்டம் போட்ட கதையைக் கேட்டு எங்கள் முதலாளிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கோலாலம்பூரில் படம் துடைக்கிற ஆள் இருக்கிறான், சரிசெய்துவிடுவான். பெர்மிட்டுக்கு எழுதியாகிவிட்டது. லோரி வரும்.

எட்மண்ட்

சேசு மரி சூசை துணை

புக்கிட் செராய்
9 மார்ச் 1951

எட்மண்ட் துரை அவர்களின் சமூகத்துக்கு,

நாள் பார்த்துத்தான் வந்திருக்கிறாய். முகாமில் பிள்ளையைப் பார்க்க மாதத்தில் ஒருநாள் விடுகிறார்கள். அந்த ஒருநாள் நான் லயத்தில் இருக்க மாட்டேன் என்று தெரிந்து வந்தாய். என் பிள்ளையிடம், "சூசையப்பர் இருக்கார் ராஜு, பயப்படாதே" என்று கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் நீ அவரை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாய்.

வேலை ஆட்களை மேற்பார்க்கும் நல்லசாமி மண்டோரிடம் சண்டை போட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "மாதா கோயில் சாமியார்தான் எடுத்து வரச் சொன்னாருன்னு ஒங்க தம்பி சொன்னாரு லா. கோயில் ஒடயறதுக்குள்ள பத்திரப்படுத்தணும்னு சொன்னாரு. லோரி நிக்குது, போலீஸ் பெர்மிட் இருக்கு, நாங்க என்னா செய்ய?" என்கிறார். மயிலம்மாள் முருகன் கோவில்காரி, உனக்குத் தெரியும். அவளே ஓடி வந்து படத்தைத் தொட்டுக் கும்பிட்டு உன் லோரிக்குள் ஏற்றிவிட்டிருக்கிறாள். நீ அவளுக்கு நன்றி சொன்னாயாம். சாமியார் பெயரைச் சொல்லித் திருட எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய்?

எங்கள் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியாது.

கோவிலை நேற்று இடித்தார்கள். இடிக்கட்டும், எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே வெறும் ஆணிதான் இருந்தது. இப்போது முள்கம்பிக்குள் புது லயத்தில் இருக்கிறோம். வாசலில் காவல். போகும்போது சோற்றுப் பாத்திரத்தைக் கிளறிப் பார்க்கிறார்கள். நேற்று புதன்கிழமை இல்லை, இருந்தாலும் ஏற்ற இடம் இல்லாமல் மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள்.

யூதாசும் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டான். உன் சோறு உனக்குச் செரிக்கக் கூடாது.

விக்டோரியா

சிரம்பான்
15 மார்ச் 1951

அக்காவுக்கு,

சாபம் கிடைத்தது. நான் எடுத்து வராவிட்டால் அந்தப் படம் செங்கல்லோடு செங்கல்லாகப் போயிருக்கும். அதற்கு யாரும் எனக்கு நன்றி சொல்ல வேண்டாம், திருடன் என்று சொல்லாமல் இருந்தால் போதும். சாமியார் பெயரைச் சொல்லாமல் கேட்டிருந்தால் நல்லசாமி கொடுத்திருப்பாரா?

இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் கண் திறக்கட்டும். லோரியில் பின்னால் போட்டால் கிழிந்துவிடும் என்று படத்தை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். புக்கிட் புத்துஸ் மலைப்பாதை வளைவுகளில் அவன் முகமும் என் முகமும் முட்டாத குறை. உங்கள் மெழுகுவர்த்திப் புகை முகமே தெரியாத அளவுக்கு அப்பியிருந்தது. எச்சில் தொட்டுக் கைக்குட்டையால் துடைத்தேன். நீங்கள் யாரும் அந்த முகத்தை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை அக்கா, கரியைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

தாடி தாடைக்கு அடியில் மட்டும், மீசை சுத்தமாக மழித்திருக்கிறது. எந்தக் கோவிலில் சூசையப்பருக்கு மீசை இல்லாமல் பார்த்தீர்கள்? மூக்கோரம் மரு. கீழுதட்டில் பழைய வெட்டுக்காயம். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பலகையின் ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறான். பலகையைப் பார்க்கிறான். உங்களையோ மைக்கல்ராஜையோ அவன் ஒருநாளும் பார்க்கவில்லை.

படம் கோலாலம்பூருக்குத் துடைக்கப் போயிருக்கிறது. ஏப்ரலில் விற்பனை.

எட்மண்ட்

சேசு மரி சூசை துணை

புக்கிட் செராய்
2 மே 1951

எட்மண்டுக்கு,

மைக்கல்ராஜை விட்டுவிட்டார்கள். ஆள் மாறிப்போச்சாம். அதிகாரி ஒருவர் இரண்டே வார்த்தையில் சொன்னார், கையெழுத்து வாங்கினார், போகச் சொன்னார். சாக்கு போட்டவன் வேறு யாரையோ நினைத்துத் தலையாட்டிவிட்டானாம். அதற்குப் போனது என் பிள்ளையின் அரை வருஷம்.

வந்தவன் சாப்பிடுகிறான், தூங்குகிறான், பேசுவதில்லை. கூப்பிட்டால் சட்டென்று எழுந்து நேராக நிற்கிறான். உன்னிடம் எதற்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

நேர்ச்சையைப் பற்றிச் சொன்னேன். "எங்கம்மா படம்?" என்று கேட்டான். வந்ததிலிருந்து அவன் கேட்ட முதல் கேள்வி அது. என்ன பதில் சொல்வது? உன் மாமன் விற்றுவிட்டான் என்றா?

சூசையப்பரோ, சுங்கான் பிடிக்கிற தச்சனோ, யாராக இருந்தாலும் பரவாயில்லை. என் பிள்ளை வந்தால் அவர் முன்னால் நிறுத்துவதாக நான் வாக்குக் கொடுத்தது அவருக்குத்தான். சுரூபக் கடையில் வேறு ஒருவரை வாங்கி ஏமாற்ற எனக்குத் தெரியாது. விற்காமல் இருந்தால் அனுப்பு. விற்றிருந்தால் எவனிடம் என்று எழுது, நான் கப்பல் ஏறியாவது போய்க் கேட்கிறேன். உன்னிடம் கெஞ்சுகிறேன் என்று நினைத்துவிடாதே. எடுத்ததைத் திருப்பி வைக்கச் சொல்கிறேன்.

விக்டோரியா

சிரம்பான்
9 மே 1951

அக்காவுக்கு,

மைக்கல்ராஜ் வந்தது சந்தோஷம். லில்லி கோவிலில் பூசை வைத்தாள்.

படம் விற்கவில்லை. நாளைக் காலை பகாவ் பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிரித்ததும் பதறக் கூடாது.

கோலாலம்பூர் ஆள் ஒளிவட்டத்தை எடுக்க ஸ்பிரிட் போட்டிருக்கிறான். உங்கள் ராமகிருஷ்ணன் பூசியது மழையிலும் வெயிலிலும் நிற்கிற போர்டுப் பெயிண்ட், சும்மா வருமா? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்ததில் ஸ்பிரிட் கீழே வழிந்து, வட்டத்தோடு முகமும் போய்விட்டது. கை இருக்கிறது, இழைப்புளி இருக்கிறது, சுங்கான்கூட இருக்கிறது. முகம் இருந்த இடத்தில் துணி தெரிகிறது.

வியாபாரி ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவை கப்பல் ஏறிவிட்டன. ஆறையும் சேர்த்துத் தருவதாக முதலாளியிடம் வாய் கொடுத்தவன் நான். எல்லார் முன்னாலும் என்ன திட்டினார் என்று எழுதக் கை கூசுகிறது. என் நாற்காலியில் இப்போது வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான், நான் பழையபடி சாமான் எண்ணும் கிராணி. எந்த நாற்காலிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்தேனோ அந்த நாற்காலி. நீங்கள் சிரிக்கலாம்.

ஆனால் ஒன்று. யாரும் அன்றைக்குத் தங்கப் பெயிண்டைத் தொடாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. பழி முழுவதையும் என் தலையில் போடாதீர்கள்.

எட்மண்ட்

சேசு மரி சூசை துணை

புக்கிட் செராய்
20 மே 1951

எட்மண்டுக்கு,

படம் வந்தது. நான் சிரிக்கவில்லை. உனக்காக அழவும் இல்லை.

லயமே கூடிவிட்டது. மயிலம்மாள்தான் கட்டைப் பிரித்தாள். பிரித்தவள் "ஐயோ முருகா" என்று துணியை மறுபடி மூடினாள். நான் அவளை விலக்கிவிட்டுச் சுவரில் மாட்டினேன். முகம் இல்லாவிட்டால் என்ன, வாக்கு வாக்குதானே என்று மைக்கல்ராஜைக் கூப்பிட்டு மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்தேன்.

வாசற்படியில் நின்றுவிட்டான். உள்ளே வரவில்லை. "அம்மா, அதை எடுத்துடு" என்றான். "எதைப்பா?" என்றேன். "இப்படித்தாம்மா இருந்தான். மூஞ்சி இல்லாம. வண்டிக்குள்ள உக்காந்து என்னையே பார்த்தான்." மெழுகுவர்த்தியைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய் முள்கம்பி ஓரம் உட்கார்ந்துகொண்டான். இருட்டும்வரை அவனைக் கூட்டி வர முடியவில்லை. படத்தைச் சாக்கு போட்டு மூடப் போனேன், எட்மண்ட். சாக்கை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. வேறு துணி தேடிப் போட்டேன்.

மறுநாள் படத்தைத் தூக்கிக்கொண்டு பகாவில் ராமகிருஷ்ணன் கடைக்குப் போனேன். முகத்தை எழுதிக்கொடுங்கள் என்றேன். அவர் நல்ல மனிதர், தன் பெயிண்டால் வந்த வினை என்று காசே வேண்டாம் என்றார். "எழுதிடலாம்மா. மூஞ்சி எப்டி இருந்துச்சு? நான் வட்டம் போட்டப்பவே ஒரே பொகக்கூண்டுக் கரி, சரியா பார்க்கல லா" என்றார்.

வாரம் தவறாமல் முன்னால் நின்று அழுதவள் நான், எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து லயத்தில் கேட்டேன். நல்லசாமி மண்டோர் நீளத் தாடி என்கிறார். மயிலம்மாள் தாடியே இல்லை, செத்துப்போன தன் புருஷன் ஜாடை என்கிறாள். இன்னொருத்தி அவர் சிரித்துக்கொண்டிருந்தார் என்கிறாள். ஆளுக்கொரு முகம். நாங்கள் கரியைத்தான் கும்பிட்டோம் என்று நீ எழுதியது உண்மை. படித்தபோது உன்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஆனால் அழித்தவனை விட்டால், அந்த முகத்தைக் கரியில்லாமல் பார்த்தவன் இந்த நாட்டில் நீ ஒருத்தன்தான். மடியில் வைத்துக்கொண்டு, முட்டுகிற தூரத்தில், மலை இறங்கும்வரை பார்த்திருக்கிறாய். மரு, உதட்டில் வெட்டு, சுருக்கிய கண், எல்லாம் எழுதினாய். அதை ராமகிருஷ்ணனிடம் படித்துக் காட்டினேன். மரு வலது பக்கமா இடது பக்கமா, எந்தக் கண், மூக்கு எவ்வளவு நீளம் என்று கேட்கிறார். "பார்த்தவரு பக்கத்துல உக்காரணும்மா. நான் எழுத எழுத அவரு சொல்லணும்" என்கிறார்.

அடுத்த ஞாயிறு முதல் பஸ்ஸில் பகாவுக்கு வா. கடை திறந்திருக்கும். நானும் மைக்கல்ராஜும் அங்கே இருப்போம். அவன் வருவான், நான் அழைத்து வருவேன். அவனிடம் நீ ஒன்றும் பேச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம், எனக்கு அது தேவையில்லை. என் வீட்டில் உனக்குச் சோறும் இல்லை. ஸ்டூல் போட்டு வைக்கச் சொல்கிறேன். உட்கார். அந்த முகம் சரியாக வரும்வரை எழுந்திருக்கக் கூடாது.

என் பிள்ளையை வரிசையில் நிறுத்திப் பிடித்துப் போனபோது, இவனை எனக்குத் தெரியும் என்று சொல்ல உன்னைத்தான் தேடி வந்தேன். நீ வாயைத் திறக்கவில்லை. இந்தத் தச்சன் யார் என்றாவது வந்து சொல். என் மகன் கண் முன்னால் சொல்.

விக்டோரியா